ஏழில் வைக்கச் சொன்னவன்

மூச்சு வாங்குகிறவர்கள் இணையத்தில் எந்த வார்த்தைகளை அடித்துத் தேடுகிறார்கள் என்பது எனக்கு மனப்பாடம். 'படுத்தா மூச்சு அடைக்குது.' 'ஆக்சிஜன் மிஷின் கரண்ட் போனா என்ன ஆகும்.' 'அப்பாவுக்கு ஆக்சிஜன் எவ்வளவு இருக்கணும்.' அவர்களுக்கு உதவ வேண்டும் என்று நான் இதையெல்லாம் படிக்கவில்லை. அவர்கள் என் மூலமாக மிஷின் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்பதால் படித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சிரிக்கச் சிரிக்கப் பேசும்போது யாரும் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

அதற்கு முன்பு பெங்களூரில் ஒரு கம்பெனியில் பில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன் ரயில், வீடு திரும்ப ஒன்பதரை. கோலார் தங்கவயலில் பாதிப் பேர் இப்படித்தான். சொந்த ஊரை ஞாயிற்றுக்கிழமைதான் வெளிச்சத்தில் பார்ப்போம். என் மனைவியும் அதே ரயிலில் மகளிர் பெட்டியில் ஏறி ஒரு கார்மென்ட்ஸ் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் நைனா, என் அப்பா, மட்டும் தனியாக இருப்பார். சுரங்கம் மூடும்வரை கீழே பாறையில் டிரில் பிடித்தவர். பாறைத் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது. கட்டிலில் இருந்து கொல்லைப்புறம் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் மூன்றாவது இடத்தில் விழுந்துவிட்டார். காலை பத்து மணி இருக்கும் என்று பிறகு அவரே சொன்னார். நாங்கள் வந்து என் மனைவி கதவைத் திறந்தபோது இரவு மணி ஒன்பதே முக்கால். அவ்வளவு நேரமும் எழ முடியாமல் தரையில் கிடந்த மனிதர் அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "இன்னாமா, ரயில் லேட்டா?"

இனி யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று ஆயிற்று. விடுவதற்கு என் வேலைதான் வசதியாக இருந்தது. நான் போனதைக் கம்பெனி கவனிக்கவே பத்து நாள் பிடித்தது. மனைவி மட்டும் ஒரு கெடு வைத்தாள்.

"தீவாளி வரைக்கும் பாருங்க. வூட்ல இருந்துக்கினே இன்னா பண்ணுவீங்களோ பண்ணுங்க. ஒண்ணும் வரலன்னா நீங்க ரயிலேறித்தான் ஆவணும். நைனாவ மறுபடியும் தனியாத்தான் வுடணும். என் ஒருத்தி சம்பளத்துல அவரு மருந்து வாங்கறதா, அரிசி வாங்கறதா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மதிய உணவை டப்பாவில் அடைத்தபடி சாதாரணமாகச் சொன்னாள்.

வீட்டில் இருந்தே சம்பாதிக்கும் வழியை எனக்குக் காட்டியது ஒரு வீடியோ. இணையத்தில் ஒரு பக்கம் தொடங்க வேண்டும். பொருட்களைப் பற்றி எழுத வேண்டும். கீழே ஆன்லைன் கடையின் சுட்டியைப் போட வேண்டும். படிக்கிறவர்கள் அதை அழுத்தி வாங்கினால் கடைக்காரன் நமக்குக் கொஞ்சம் தருவான். வீடியோவில் பேசியவர் பெரிய நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தூங்கும்போதும் சம்பாதிக்கலாம் என்றார்.

கட்டிலில் இருந்து நைனா கேட்டுக்கொண்டிருந்தார்.

"தூங்கிக்கினே சம்பாரிச்சவன் சுரங்கத்துல எங்க லெவல்ல ஒரே ஒரு மேஸ்திரிதான். அவனையும் துரை புடிச்சு மேல அனுப்பிட்டான்."

"இது வேற நைனா. இது ஆன்லைன்."

"இன்னா லைனோ. நீ தூங்கறதுல மட்டும் கில்லாடின்னு எனக்குத் தெரியும்."

முதலில் காசே இல்லாமல் தொடங்கலாம் என்று ஓர் இலவச வலைப்பூ ஆரம்பித்தேன். அதன் முகவரி எங்கள் ரயிலைப் போல நீளமாக இருந்தது. போனில் யாருக்காவது சொல்வதென்றால் நடுவில் ஒருமுறை தண்ணீர் குடிக்க வேண்டும். அடுத்ததாக, படங்களை இழுத்து இழுத்து வைத்தால் பக்கம் தயாராகிவிடும் ஒரு சேவையை முயன்றேன். இலவசம்தான். ஆனால் என் எழுத்துக்கு மேலே அவர்களுடைய விளம்பரம் நிற்கும். தமிழ் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் முதல் வருடத்துக்கு மட்டும் மலிவாகக் கிடைக்கும் ஒரு முகவரியையும், அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்த இடத்தையும் வாங்கினேன். இரண்டாம் வருடத்தின் விலை கீழே சின்ன எழுத்தில் இருந்தது. சின்ன எழுத்தைப் படிக்காதது என் பரம்பரை குணம் என்று அப்போது சிரித்துக்கொண்டேன்.

பக்கம் கிடைத்துவிட்டது. எதைப் பற்றி எழுதுவது? முதலில் லேப்டாப் பற்றி எழுதினேன். பேக்ஸ்பேஸ் வேலை செய்யாத லேப்டாப்பில் உட்கார்ந்துகொண்டு சிறந்த பத்து லேப்டாப்களை வரிசைப்படுத்தினேன். உலகத்தில் உள்ள பெரிய பெரிய பத்திரிகைகள் எல்லாம் எனக்கு முன்னால் நின்றன. என் பக்கம் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று பார்க்க இருபது பக்கம் தள்ளினேன். கை வலித்ததும் விட்டுவிட்டேன். அடுத்து பிரஷர் குக்கர்.

"ஏங்க, குக்கர் மூடிய எந்தப் பக்கம் திருப்புவாங்கன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள் மனைவி. நான் யோசித்தேன். "இன்னும் யோசிங்க. சாதம் குழைஞ்சிடும்."

எங்கள் ஊர் பெயரை வைத்து எழுதலாமா என்றும் பார்த்தேன். ஊர் பெயரின் மூன்று இங்கிலீஷ் எழுத்தை அடித்தால் அதே பெயரில் வந்த சினிமாதான் வருகிறது. ஊர் எங்கோ அடியில் கிடக்கிறது.

அப்புறம்தான் வார்த்தை தேடும் வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ஜனங்கள் என்ன அடித்துத் தேடுகிறார்கள், அதற்குப் பதில் எழுதியவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். நிறையப் பேர் தேடி, கொஞ்சப் பேர் பதில் எழுதிய வார்த்தை கிடைத்தால் அதில் உட்கார்ந்துகொள்ளலாம். இதைக் கணக்கிட்டுக் காட்டும் கருவிகள் உண்டு. இலவசமாக ஒரு நாளைக்கு மூன்று வார்த்தைதான் பார்க்க விடும். என் பேரில் மூன்று, மனைவி பேரில் மூன்று, நைனா பேரில் மூன்று என்று ஒன்பது பார்த்தேன். வாழ்நாளில் ஒரு மின்னஞ்சலும் அனுப்பாத நைனாவுக்கு இன்றும் 'உங்கள் வணிகத்தை வளர்க்க வேண்டுமா?' என்று கடிதம் வருகிறது.

கருவி மூடிக்கொண்டதும் வெறும் தேடல் பெட்டியை வைத்துக்கொண்டு வேலை செய்வேன். ஒரு வார்த்தையை அடித்து, பக்கத்தில் அ போட்டால் ஒரு பட்டியல் விழும். ஆ போட்டால் இன்னொன்று. க, கா, கி என்று உயிர்மெய் முழுக்க ஓட்டுவேன். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் யாரோ எங்கோ உண்மையில் கேட்டது. சயனைட் மேட்டை எங்கள் ஊரில் சிலர் இன்னும் சலித்துப் பார்ப்பதுண்டு. கம்பெனி அரைத்துத் தங்கம் எடுத்துக்கொண்டு கொட்டிய மண் அது. அதிலும் தூள் தும்பு கிடைக்காதா என்று பார்ப்பார்கள். நான் செய்ததும் அதுதான். பெரியவர்கள் லேப்டாப்பையும் குக்கரையும் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்ச மண் எனக்கு.

ஒரு மதியம் நைனா பக்கத்தில் இருமிக்கொண்டிருந்தார். நான் 'மூச்சு' என்று அடித்தேன். பட்டியல் விழுந்தது. 'ஆக்சிஜன் மிஷின்' என்று அடித்தேன். இன்னும் நீளமாக விழுந்தது. இங்கிலீஷில் எழுதியவர்கள் ஏராளம். தமிழில் ஓரிருவர்தான், அதுவும் மொழிபெயர்ப்புக் கருவியில் அரைத்த மாவு. 'வீட்டுக்கு ஏழு லிட்டர் ஆக்சிஜன் மிஷின் எப்படி' என்ற கேள்விக்குத் தமிழில் பதிலே இல்லை. அந்த இடம் எனக்காகவே காலியாகக் கிடந்தது. பக்கத்தில் இருமல் நிற்கவில்லை. எழுந்து தண்ணீர் கொடுக்காமல் இன்னொரு முறை கீழே தள்ளிப் பார்த்தேன். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மிஷின்களில் மலிவானது ஒன்று இருந்தது. ஒன்றிலிருந்து ஏழு வரை திருகலாம். கமிஷனும் அதற்குத்தான் அதிகம். நான் அதைத் தொட்டதில்லை, பார்த்ததில்லை. விற்பவர் பக்கத்தில் இருந்ததை எடுத்து என் தமிழில் போட்டேன். வறட்சியாக இருந்தது. அதனால் இந்த மண்ணில் பிறந்தவனுக்கு மட்டும் எழுத வரும் இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்தேன்:

'சுரங்கத்தில் குண்டு வெடித்த பிறகு புகை போக ஏர் பைப்பை முழுசாகத் திறந்து விடுவார்கள். அதுபோல மூச்சு அதிகம் வாங்கும்போது ஏழில் வைத்துவிடுங்கள். நெஞ்சு திறந்துகொள்ளும்.'

அதை நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"கரெக்டாத்தான்டா கீது. புகை அடங்கறவரைக்கும் ஃபுல்லா வுட்டுடணும். கஞ்சத்தனம் பண்ணவன் மயங்கி வுழுவான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஒரு தாட்டி கூட கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்காதவன் எழுதன மாதிரியே இல்ல."

நாற்பத்திரண்டு வயதில் அப்பாவிடம் இருந்து கிடைத்த முதல் பாராட்டு. அந்த வரிகளுக்குத் தடித்த எழுத்துப் போட்டேன். பக்கத்தின் அடியில் என் போட்டோவையும் போட்டேன், தலைமுடி கொஞ்சம் அதிகமாக இருந்த காலத்து போட்டோ.

பக்கம் மெதுவாக மேலே ஏறியது. மூன்றாம் மாதம் முதல் இடத்தில் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை முதல் மிஷின் விற்றது. ஞாயிறு கறி எடுத்தோம். மனைவி அன்றைக்குக் கெடு பற்றிப் பேசவில்லை. அடுத்த மாதம் மூன்று விற்றது, அதற்கடுத்த மாதம் ஐந்து. நான் வீட்டிலேயே இருந்தேன். நைனா கொல்லைக்குப் போகும்போது பின்னாலேயே போனேன். "இன்னாடா போலீஸ் மாதிரி தொரத்திக்கினு வர்ற?" என்று திட்டுவார். அந்தத் திட்டைக் கேட்கத்தான் இவ்வளவும் என்று நினைத்துக்கொள்வேன்.

மழை தொடங்கிய சமயம் ஒரு போன் வந்தது. பேசியவன் எங்கள் ஊரின் இன்னொரு சுரங்கப் பகுதியான பாலகாட்டில் இருக்கும் ஒரு பெரியவரின் மகன். அந்தப் பெரியவர் நைனாவோடு ஒரே டிரில்லை மாற்றி மாற்றிப் பிடித்தவர். நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். மகன் பெங்களூரில் கார் ஓட்டுகிறான்.

"அண்ணா, அந்த ஆக்சிஜன் மிஷின் பத்தி எழுதனது நீங்கதானா? அடியில போட்டோ பாத்து அப்பாகிட்ட காட்டினேன். சூப்பர்ணா. படிச்சுட்டுத்தான் ஆர்டர் போட்டேன். வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆவுது."

"பெரியப்பா எப்படிக் கீறாரு?"

"கொஞ்சம் டல்லாத்தான் கீறாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, அதான் மிஷின் கீதேங்கறாரு. உங்கள பாக்கணுமாம். வாங்கண்ணா."

பெருமையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். வழியில் பன் கூட வாங்கினேன்.

பெரியப்பா கட்டிலில் படுக்காமல் நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்றவர்போல் இருந்தது. பக்கத்தில் ஸ்டூல்மேல் நான் விற்ற மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதை முதல்முறையாக நேரில் பார்க்கிறேன். படத்தில் இருந்ததைவிடச் சின்னது. முன்பக்கம் ஓரிடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"இது இன்னா பொட்டு?"

"அங்க ஒரு மஞ்ச லைட்டு மின்னிக்கினே இருந்துச்சுண்ணா" என்றான் மகன். "கண்ண குத்துதுன்னு அப்பா சொன்னாரு. வீட்ல ஒட்டிட்டாங்க."

திருகு ஏழில் இருந்தது.

"ஃபுல்லா... வுட்டுட்டேன் கண்ணு" என்றார் பெரியப்பா. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. "குண்டு வெச்சப்புறம்... ஏர் தொறக்கற மாதிரின்னு... எழுதனியாமே. பையன் படிச்சு காட்டினான். வேற எவனுக்குடா... இது தெரியும்? நம்ம ஆளு எழுதனதுன்னேன்."

மிஷினோடு வந்த சிறு புத்தகம் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. ஏன் பிரித்தேன் என்று தெரியவில்லை. கண்ணை வேறு எங்காவது வைக்க வேண்டியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம். ஒன்றில் வைத்தால் அநேகமாகச் சுத்தமான ஆக்சிஜன் வரும். இரண்டில் குறையும். மூன்றில் இன்னும் குறையும். ஏழில் வைத்தால் வருவது சன்னலைத் திறந்தால் கிடைக்கும் காற்றைவிடக் கொஞ்சம்தான் மேல். வேகம் அதிகம், சரக்கு கம்மி. மஞ்சள் விளக்கு எதற்கு என்றும் எழுதியிருந்தது. ஆக்சிஜன் போதவில்லை, மருத்துவரைப் பார்க்கவும்.

நான் திருகைக் கீழே இறக்கினேன். காற்றின் சத்தம் தணிந்தது. பெரியப்பா பதறிப்போய் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னா கண்ணு... கம்மி பண்ற? வாணாம். தொறந்து வுடு."

கீழே பல வருடம் உயிரோடு இருந்தவர்கள் எல்லாரும் கற்ற பாடம் அது. காற்று வேண்டுமென்றால் முழுசாகத் திற. கம்மி பண்ணுகிறவன் சாவான். அவருடைய உடம்புக்குள் இருந்த அந்தப் பாடத்துக்கு நான் தடித்த எழுத்தில் முத்திரை குத்திக் கொடுத்திருந்தேன். இப்போது வந்து எப்படி மறுத்துப் பேசுவது?

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் பெரியப்பா."

"மிஷின் கீதே."

"இது சரியில்ல. ரிப்பேர்" என்று பொய் சொன்னேன். மிஷின் சரியாகத்தான் வேலை செய்தது.

மகனின் காரிலேயே கோலார் போனோம். சேர்த்துக்கொண்டார்கள், முகமூடி வைத்தார்கள், ஓடி ஓடிப் பார்த்தார்கள். நான்காம் நாள் பெரியப்பா இறந்தார். இப்படிப்பட்ட நுரையீரலுக்கு யாரும் உறுதி தர முடியாது, ஆனால் இன்னும் முன்னாடியே கூட்டிவந்திருக்கலாம் என்றார் டாக்டர். மகன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். எத்தனை நாள் முன்னாடி என்று அவன் கேட்கவில்லை. நான் மனசுக்குள் எண்ணினேன். மிஷின் வந்த நாள்வரை எண்ணினேன்.

காரியம் முடிந்து அவனிடம் சொல்லப் பார்த்தேன். "அத்த ஏழுல வெச்சிருக்கக் கூடாது. நான் எழுதனது தப்பு."

"வுடுங்கண்ணா. அவரு யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு."

"நான் சொன்னத கேட்டாருடா."

அவன் புரியாததுபோல் பார்த்தான். புரிந்ததோ என்னவோ. உள்ளே போய் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து என் ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்தான். "எங்களுக்கு இனிமே எதுக்குண்ணா. பெரியப்பாவுக்கு ஆவும். எடுத்துக்கினு போங்க." என் அப்பாவைச் சொன்னான். வேண்டாம் என்றேன். கயிறு போட்டுக் கட்டிவிட்டான். ஊரிலேயே என் விமர்சனத்தை நம்பிக் கடைசியாகப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனவன் நான்தான்.

நைனா மிஷினைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானும் கரெக்டாத்தான் கீதுன்னு சொன்னேன் இல்ல" என்றார்.

"நீ சுரங்கத்து ஏர் பத்திச் சொன்ன நைனா."

"அவனும் நானும் ஒரே டிரில்ல மாத்தி மாத்தி புடிச்சவங்க." மூச்சு வாங்கினார். "உள்ள அவ்ளோ கல்லு வுழுந்தது, ஒண்ணும் ஆவல. மேல வந்து அப்பனும் புள்ளையுமா சேந்து முடிச்சிட்டோம். அத்த அழிச்சியா?"

"அழிக்கறேன்."

அழிக்கவில்லை. ஒன்பது நாள் அழிக்கவில்லை. அந்தப் பக்கம் ஒன்றுதான் என்னை வீட்டில் வைத்திருந்தது. அது போனால் நைனா தனியாகக் கிடப்பார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒன்பது நாளில் இன்னும் இரண்டு விற்றது. யார் வாங்கினார்கள் என்று கேட்டுக் கடைக்கு எழுதினேன். அந்த விவரம் தர இயலாது என்று பதில் வந்தது. பதினோரு மிஷின் என் மூலமாகப் போயிருக்கிறது. ஒன்று போன வீடு எனக்குத் தெரியும். மற்ற பத்தும் எங்கே எந்த எண்ணில் ஓடுகின்றன என்று தெரியாது. மஞ்சள் விளக்குமேல் எதை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியாது.

பத்தாம் நாள் பக்கத்தைத் திறந்தேன். அழித்தால் அந்த இடத்துக்கு இன்னொருவன் வருவான், என்னைப் போலவே விற்பவரின் வரிகளைப் போடுவான் என்று தோன்றியது. அதனால் மாற்றி எழுதினேன். தடித்த வரிகளை எடுத்தேன். அந்தக் கட்டத்தை அப்படியே தமிழில் போட்டேன். ஏழில் வைக்காதீர்கள், டாக்டர் சொன்ன அளவு மட்டும், மஞ்சள் விளக்கு எரிந்தால் மிஷினை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பு இங்கே நான் எழுதியிருந்தது தவறு, அதை நம்பிய ஒருவர் இன்று இல்லை. போட்டோவை எடுக்கலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டேன்.

பக்கம் முதல் இடத்திலேயே நின்றது. முன்பைவிட அதிகம் பேர் வந்தார்கள். ஒருவரும் எதுவும் வாங்கவில்லை.

வேறு எதையாவது எழுதுங்கள் என்றாள் மனைவி. முயன்றேன். தேடல் பெட்டியில் ஒரு வார்த்தையும் பக்கத்தில் ஓர் எழுத்தும் போடுவேன். பட்டியல் விழும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரியும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தேடினாலும் தெரிந்தது. மூடிவிடுவேன்.

தீபாவளி வந்தது. அவள் எனக்கும் ஒரு டப்பா வாங்கி வைத்தாள். தீபாவளிக்கு மறுவாரம் அவளோடு நானும் ரயிலுக்குக் கிளம்பினேன், இன்னொரு கம்பெனி, அதே மாதிரி பில்கள். இணைய முகவரிக்கு இரண்டாம் வருடப் பணத்தை முதல் சம்பளத்தில் கட்டினேன். அந்தக் கட்டம் அங்கேயே நிற்கட்டும் என்று.

இப்போது தினமும் பத்து மணிக்கு ஆபீஸ் மாடிப்படிக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்கிறேன். உடனே எடுக்க மாட்டார். மணி அடிப்பதை எண்ணிக்கொண்டிருப்பேன்.

"இன்னாடா."

"சும்மாதான் நைனா. கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"தனியா எழுந்து நடக்காத."

"தனியா நடக்காம... யாரு கீறாங்க இங்க... கூட நடக்க?"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"போன வெய்டா. பேசனா மூச்சு வாங்குது."

வைத்தேன்.